குடிக்கக் கொடுத்ததும் அவர்களே, சர்க்கரை என்பதும் அவர்களே

அன்புள்ள மச்சான் நாகேந்திரனுக்கு,

அம்பத்தூரிலிருந்து ரகுநாதன் எழுதுவது. நானும் உன் அக்கா வனஜாவும் நலம். திருச்சியில் நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கும் என் மகள் கார்த்திகா நலமா என்பதில்தான் எனக்கும் டாக்டருக்கும் அபிப்பிராய பேதம். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

வயிற்றுப் பிள்ளை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறதாம், காரணம் கார்த்திகாவுக்குக் கர்ப்பத்தில் வந்த சர்க்கரையாம். எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? குளுக்கோஸ் தண்ணீரை அவர்களே குடிக்கக் கொடுத்தார்கள், உட்கார வைத்தார்கள், பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை என்கிறார்கள். ஊற்றினால் இருக்காதா? ஆவடி தொழிற்சாலையில் சாமான்களைச் சோதித்தே ஓய்வு பெற்றவன் நான். இப்படி ஒரு சோதனையை ஒரு போல்ட்டுக்குக்கூட ஒப்புக்கொண்டதில்லை. டாக்டர் லாவண்யாவிடம் கேட்டேன். "சார், குடிச்ச சர்க்கரையை உடம்பு சமாளிக்குதான்னுதான் பாக்கறோம். உங்க பொண்ணு உடம்பு சமாளிக்கல. மிச்சம் குழந்தைக்குப் போகுது, அது கொழுப்பாச் சேருது. பிரசவத்துல தோள் மாட்டிக்கலாம்" என்றார். பதில் இவ்வளவு தயாராக இருந்ததே எனக்குச் சந்தேகம்.

அதனால் கொரட்டூரில் வேறொரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனேன். முதல் ரிப்போர்ட்டைக் காட்டவில்லை. ஆட்டோக்காரர் வேம்புலி, "புள்ள பெருசா கீதுன்னா நல்லதுதானே சார், இதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு" என்றார். விவரமான மனிதர். ஆனால் அங்கே முன்னதைவிட இன்னும் பெரிதாகக் காட்டிற்று. இரண்டு மெஷினும் ஒரே கம்பெனியா என்று கேட்டேன், வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது இன்சுலின் ஊசி. விஷயம் தெளியும்வரை இருக்கட்டும் என்று மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். கார்த்திகா சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அப்பா, இது உங்க ஃபேக்டரி சாமான் இல்ல, என் குழந்தை. சாவியக் குடுங்க" என்று கையை நீட்டினாள். கொடுத்துட்டேன். அன்னையிலேர்ந்து உன் அக்கா சாப்பாடு போடறா, பேச மாட்டேங்கறா. இப்ப ஆபரேஷன்னு வேற சொல்றாங்க. ஞாயிற்றுக்கிழமை நீ வந்தே ஆகணும், டாக்டரை நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கணும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

சந்தேகத்துக்கு இடமில்லாத அன்புடன்,
ரகுநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கார்த்திகாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆபரேஷன்தான். பெண் குழந்தை, நாலு கிலோவுக்கு மேல். பிறந்த கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிப்போய், கண்ணாடி அறைக்குள் கொண்டுபோனார்கள். தாயிடமிருந்து வந்த சர்க்கரை சட்டென்று நின்றால் அப்படி ஆகுமாம். அதற்குத் தயாராகவே இருந்தார்கள். வெளியே நின்ற எனக்கு யாரையும் சந்தேகப்படத் தோன்றவில்லை, அவ்வளவு பயம். "ஒக்காருங்க" என்றாள் வனஜா. சாயங்காலம் சரியாகிக் கையில் கொடுத்தார்கள். கை கடுத்தது, இறக்க மனமில்லை. நீ சண்டைக்கு வர வேண்டாம், குழந்தையைப் பார்க்க வா. டாக்டரிடம் நானே பேசிவிட்டேன். "ரொம்ப நன்றிம்மா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சொல்லுங்க சார், இப்ப என்ன சந்தேகம்?" என்றார்.