எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும்

கணக்காளர் புது மானிட்டரை மேசையில் வைத்துச் சற்று நேரம்கூட ஆகவில்லை. அறையின் மறுகோடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ரிசப்ஷன் பெண், அங்கிருந்தபடியே அவருடைய திரையைப் படித்துவிட்டாள்.

"சார், மூணாவது வரியில கூட்டல் தப்பு."

தப்புதான். ஆனால் அவர் கவலை கூட்டலைப் பற்றியது அல்ல.

பழைய மானிட்டரை நேராக உட்கார்ந்து பார்த்தால்தான் ஏதாவது தெரியும். கொஞ்சம் தள்ளி நின்றால் எல்லாம் சாம்பல் பூத்துவிடும். அந்தப் புண்ணியத்தில்தான் மேனேஜரின் கண்ணெதிரிலேயே வேறு கம்பெனிகளில் வேலை தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக் கம்ப்யூட்டர் மகளின் ராஜ்யம். இப்போதுதான் ஒரு பெரிய கம்பெனியில் நிதி மேலாளர் பதவி காலியாகியிருந்தது. இதையும் விட்டால் இந்த நாற்காலியிலேயே ரிட்டையர் ஆக வேண்டியதுதான்.

இந்தப் புது மானிட்டரை வாங்கவும் அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். கடைக்காரர் மலிவாக ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது டி.என். பேனல்ங்க. பக்கவாட்டுல நின்னு பாத்தா கலர் செத்துடும். ஐ.பி.எஸ். பேனல் எடுங்க" என்று அவருக்கே பாடம் நடத்தினார் கணக்காளர். குனிந்து பார்த்தார், குத்துக்காலிட்டுப் பார்த்தார், கடை வாசலுக்கே போய் நின்று பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் பளிச். கம்பெனிச் செலவில் தனக்குத்தானே சூனியம் வைத்துக்கொண்டு திரும்பினார்.

முதலில் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். மேனேஜர் வருவதைப் பார்த்ததும் வேலை விளம்பரத்தை மூடினார்.

"இப்படி உக்காந்தா கழுத்து பிடிச்சுக்கும்ங்க" என்று மேனேஜர் தன் கையாலேயே திரையைத் திருப்பி, தன் அறைக் கதவுக்கு நேராக வைத்துவிட்டுப் போனார்.

வெளிச்சத்தைக் குறைத்தார் கணக்காளர்.

"கண்ணு கெட்டுடும்ங்க." மேனேஜர் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினார்.

எழுத்தைப் பொடியாக்கினார்.

"நம்ம வயசுல இதெல்லாம் தேவையா? பெரிசாவே வச்சுக்கங்க!"

பெரிசாகவே வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் மனைவிகூட அவர் கண்ணைப் பற்றி இப்படிக் கவலைப்பட்டதில்லை. இப்படிப்பட்ட மனிதரை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டார். நொந்துகொண்டபடியே மெல்லத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் தன் அறையில் மும்முரமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று விளம்பரத்தைத் திறந்து, விண்ணப்பத்தை முழுக்க நிரப்பி அனுப்பினார்.

சில வாரங்களில் பதில் வந்தது. அந்தப் பதவிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். கணக்காளருக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயம் மேனேஜர் காதுக்குப் போகாமல் தப்பித்ததே பெரிது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கணக்கில் தலையை நுழைத்தார்.

அப்போது ரிசப்ஷன் பெண் ஒரு தட்டில் கேக்கோடு வந்து நின்றாள்.

"எதுக்கும்மா இது?"

"நம்ம மேனேஜர் வேற கம்பெனிக்கு நிதி மேலாளரா போறாரு சார். ரூம்ல உக்காந்தபடியே விளம்பரத்தை உங்க திரையில முழுசா படிக்க முடிஞ்சுதாம், உங்களுக்கு மட்டும் ரெண்டு துண்டா குடுக்கச் சொன்னாரு."