ஒழுகாத குழாய்க்குச் சாட்சி இல்லை

குழாய்க்குள் தண்ணீரும் வரிசைக்குள் மனிதரும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த ஒரு காலத்தில், ஒரே ஓர் ஊரிலே, ஒரு பிளம்பர் இருந்தார். ஒரு வீட்டுக்கு ஒரே தடவைதான் போவார். அவர் கைபட்ட குழாய் அதற்குப் பிறகு வாய் திறக்காது. அதனால் ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'ஒருதடவை'.

அவர் மனைவியின் தம்பியும் பிளம்பர்தான். அவன் பார்த்த குழாய் அவன் தெருமுனை திரும்புவதற்குள் சொட்டத் தொடங்கிவிடும். கூப்பிட்டால் முகம் சுளிக்க மாட்டான். "அதுக்கென்னக்கா, மறுபடி வர்றேன்" என்பான். அவன் பெயர் 'மறுபடி'.

எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வீடு என்றால் ஓர் அறை. ஒருதடவையின் மகள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்து வளர்ந்தவள். பிள்ளை வளர்ந்தாள், மேசை வளரவில்லை. கால் வெளியே வந்துவிட்டது. "பொண்ணுக்குக் கதவு வெச்ச ஒரு அறை வேணும்" என்பதை மனைவி தேநீரோடும் சொல்வாள், சோற்றோடும் சொல்வாள்.

அப்போதுதான் கடல் தாண்டிய ஒரு நாட்டில் பிளம்பர்களுக்குப் பெரும் பஞ்சம் என்று செய்தி வந்தது. போனால் வேலை உண்டு, கதவு வைத்த அறையும் உண்டு. அத்தானும் மச்சானும் சேர்ந்தே விண்ணப்பித்தார்கள். இருவருக்கும் தொழில் கையில் இருந்தது, காகிதத்தில் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே பெருங்கருணையோடு ஓர் அலுவலகம் திறக்கப்பட்டிருந்தது: 'பட்டயமிலார் கைத்திறன் மெய்ப்பித்தல் மற்றும் ஐயம் களைதல் ஆணையரகம்'. பெயர்ப்பலகைக்குக் கட்டடம் போதவில்லை. 'ஐயம்' வரைக்கும் அலுவலகச் சுவரில் இருந்தது. 'களைதல்' பக்கத்துச் சலவைக்கடைக்குப் போய்விட்டது.

அதிகாரியின் அறை வாசலில் கைகழுவும் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு வாளி. அந்தக் குழாயை மறுபடிதான் பார்த்துக்கொள்கிறான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"சார், ஒரு குழாயைக் குடுங்க, செஞ்சு காட்டுறேன்" என்றார் ஒருதடவை.

அதிகாரி பதறிவிட்டார். "செஞ்சு காட்டுறதா? இது ஆபீஸ்ங்க. இங்க யாரும் எதையும் செஞ்சு காட்டுற வழக்கம் இல்ல. செஞ்சதுக்குச் சாட்சி காட்டணும்."

சாட்சிக்கு விதிகள் இருந்தன. வாடிக்கையாளர் கைப்பட எழுதித் தர வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் படம் வேண்டும். படத்தில் முகமும் கையும் குழாயும் ஒருங்கே தெரிய வேண்டும்.

"தொட்டிக்கு அடியில தலையை விட்டுத்தான் சார் வேலை பார்ப்போம். முகம் எப்படித் தெரியும்?"

"முகம் தெரியாம வேலை பார்த்துட்டு, நான்தான் பார்த்தேன்னா நாங்க எப்படிங்க நம்புறது?"

சரி என்று ஒருதடவை மாடிவீட்டு அம்மாளிடம் போனார். தனியாக இருக்கிற அம்மாள். கதவைத் திறந்து, "யாருங்க நீங்க?" என்றாள்.

"உங்க சமையலறைக் குழாய் மாட்டினது நான்தாம்மா."

அம்மாள் உள்ளே போய்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

"அதாம்மா. அதைத்தான் எழுதித் தரணும்."

"நல்லா இருக்கிறதைப் பத்தி என்னத்தை எழுதுறது? குளியலறைக் குழாய் பார்க்க ஒரு தம்பி வருது பாருங்க, அதைப் பத்திக் கேளுங்க, பக்கம் பக்கமா எழுதித் தர்றேன். என் முழங்கால் வலிகூட அதுக்குத் தெரியும். பாதி நாள் இங்கதான் கிடக்கும். பெத்த பிள்ளை மாதிரி!"

அந்தப் பிள்ளை மறுபடிதான். போன வீட்டிலெல்லாம் இதே கதை. ஊரில் பாதிக் குழாயை ஒருதடவை அடைத்திருந்தார். அதோடு சேர்த்து ஊர் வாயையும் அடைத்துவிட்டார் போலிருக்கிறது. ஒருவருக்கும் அவர் முகம் நினைவில்லை.

ஒழுகாத குழாய் ஒன்றின் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே மறுபடியின் சாட்சிக் கட்டைத் தூக்க முடியாமல் பியூன் இன்னொரு பியூனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஒருதடவையின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே நடக்கலையே?"

"குழாய் ஒழுகலைங்க சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒழுகாத குழாய் பக்கத்துல யார் வேணா நின்னு படம் எடுத்துக்கலாம். நானே நிக்கலாம். உங்க மச்சானைப் பாருங்க, எத்தனை ஒழுகல், எத்தனை வாளி!"

"அத்தனையும் ஒரே குழாய் சார்."

"அதுக்குப் பேருதான் தொடர் ஈடுபாடு."

முடிவு எழுத்தில் வந்தது: 'மேற்படி நபர் மேற்படி தொழிலில் ஈடுபட்டமைக்கான ஈரம் யாதொன்றும் காணப்படாமையால் விண்ணப்பம் நிலுவையில் வைக்கப்படுகிறது.' மறுபடிக்கோ 'மிகச் சிறந்த திறனாளர்' என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

மனைவி தம்பியின் பெட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "வேலை தெரியாம இருக்கிறதுக்குக்கூட ஒரு சாமர்த்தியம் வேணும் போல. உங்களுக்கு அதுவும் இல்ல."

மறுபடிக்கு அத்தான்மேல் பாசம் உண்டு. கடல் தாண்டிக் கிளம்புமுன் வித்தையைச் சொல்லிக் கொடுத்தான். "அத்தான், கொட்ட விட்டுடாதீங்க. கொட்டினா உடனே வேற ஆளைக் கூப்பிட்டுருவான். சொட்டணும். தூங்கவும் முடியாம, எழுந்திரிக்கவும் மனசில்லாம படுத்திருப்பான் பாருங்க, அந்த அளவுக்குச் சொட்டணும்."

"அதெப்படிடா கணக்கா சொட்டும்?"

"கடைசி அரைத் திருகை மட்டும் விட்டுடுங்க. அந்த அரைத் திருகுலதான் அத்தான் எதிர்காலமே இருக்கு."

கேட்க எளிது. அடுத்துப் போன வீட்டில் மூளை நிறுத்து என்றது; கை கேட்கவில்லை, இறுக்கிவிட்டது. இன்னொரு வீட்டில் இடக்கையால் திருகிப் பார்த்தார். இடக்கையும் நேர்மையாகவே இருந்தது. வீட்டுக்கு வந்தால் மேசைக்கு வெளியே மகளின் கால். போகிறவர் வருகிறவர் மிதித்துவிடாமல் இருக்க அதன்மேல் மனைவி ஒரு வெள்ளைத் துணியைப் போட்டிருந்தாள்.

மறுநாள் அவர் மாடிவீட்டு அம்மாளின் சமையலறைக்குப் போனார். "சும்மா சரிபார்க்க வந்தேம்மா" என்றார். அரைத் திருகு தளர்த்திவிட்டு வந்தார். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

கூப்பிட்டு விட்டாள். போனார். மறுபடியும் கூப்பிட்டாள். போனார். மெல்ல மெல்ல "யாருங்க" என்பது "வாங்க தம்பி" ஆயிற்று. "வாங்க தம்பி" என்பது "என்ன தம்பி, ஆளையே காணோம்" ஆயிற்று. அவளுடைய முழங்கால் வலி அவருக்கும் தெரிந்துவிட்டது. வீடு வீடாகத் தளர்த்தினார். இத்தனை காலம் ஒழுங்காக உழைத்துக் கிடைக்காத பேரும் புகழும், அரைத் திருகைக் கைவிட்டதும் வாசல் தேடி வந்தன.

ஒருவருக்குக் கிடைத்தால் ஊர் சும்மா இருக்குமா? தையல்காரர் கடைசிப் பொத்தானை விட்டுவைத்தார். தச்சர் செய்த கதவுகளைத் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. புகைப்படக் கடைக்காரர் நிரந்தரமாகச் சொட்டும் குழாய் ஒன்றைச் சுவரில் பதித்து, ஒரு மஞ்சள் தலைக்கவசமும் வாங்கிவைத்தார். "இப்ப கவலையா பாருங்க, இது 'முன்' படம். இப்ப சிரிங்க, இது 'பின்' படம்." தையல்காரரும் அதே தலைக்கவசத்தோடு அதே குழாய் பக்கத்தில் நின்று ஊசி கோத்தார். "எனக்கெதுக்குங்க குழாய்?" என்று கேட்டதற்கு, "ஈரம் இருந்தாத்தான் நம்புறாங்க" என்றார் கடைக்காரர். பெண் கொடுக்கிறவர்கள்கூட, "மாப்பிள்ளைக்கு மஞ்சள் தொப்பிப் படம் இருக்கா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

கடைசியில் ஒருதடவைக்கும் முத்திரை விழுந்தது. அதிகாரி எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் ஒருதடவை. "இவ்வளவு பேர் போயிருக்காங்க. அந்த நாட்டுல பிளம்பர் பஞ்சம் இன்னுமா தீரலை?"

"தீர்றதா?" அதிகாரியின் முகம் பெருமையில் மலர்ந்தது. "நாம அனுப்ப அனுப்பக் கூடிக்கிட்டேல்ல போகுது! எவ்வளவு பேரை அனுப்பினாலும் இன்னும் அனுப்புங்கன்னு கெஞ்சுறாங்க. நம்ம ஆளுங்க கை அப்படி!"

வாசலில் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. போன வாரம் தொலைபேசியில் மறுபடி சொன்னதும் நினைவுக்கு வந்தது: "ஒரு வீட்டுக்குப் போனா விடவே மாட்டேங்கிறாங்க அத்தான். இங்க வேலைக்கு முடிவே இல்ல."

கிளம்பும் நாளன்று பெட்டிகளெல்லாம் வண்டியில் ஏறின. மனைவியும் மகளும் உட்கார்ந்தார்கள். மகள் முதல்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். "ஒரு நிமிஷம்" என்று ஒருதடவை மட்டும் மாடிவீட்டுக்கு ஓடினார்.

"வாங்க தம்பி. இன்னிக்கா பயணம்?"

"ஆமாம்மா. போறதுக்கு முன்னாடி உங்க குழாயை ஒழுங்கா அடைச்சுட்டுப் போயிடுறேன்."

ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். கடைசி அரைத் திருகு வந்ததும் கை தானாக நின்றது. மறுபடி போட்டார். மறுபடி நின்றது. அன்றைக்கு விடச் சொன்னபோது விடாத கை, இன்றைக்குத் திருகச் சொன்னால் திருகவில்லை. என்ன இருந்தாலும் இப்போது அது முத்திரை வாங்கிய கை. கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"விடுங்க தம்பி, நேரமாச்சு" என்றாள் அம்மாள்.

"மறுபடி வர்றேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தை தன் வாயில் வந்தது என்று உறைத்தது.

தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கினார். பாதிப் படியில், மேலே சொட்டுச் சத்தம் நின்றது. நின்றுவிட்டார். அந்த முழங்கால்வலிக்கார அம்மாளே அரைத் திருகு திருகி அடைத்துவிட்டாள். அப்படியானால் இத்தனை நாளும் அவளுக்குத் திருகத் தெரிந்திருக்கிறது!

வீடு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது.

பிறகு சொட்டத் தொடங்கியது. முன்னே மாதிரியே, கணக்காக. அதற்கடியில் வாளியை நகர்த்திவைக்கும் சத்தம் கேட்டது. அடுத்து அவள் தொலைபேசியில் யாரையோ, "தம்பி, குழாய் மறுபடி ஒழுகுதுப்பா, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிடுகிற சத்தம்.

ஒருதடவை பைக்குள் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு, வண்டியை நோக்கி நடந்தார்.