கதிரை அண்ணை எழும்பினால்

யாழ்ப்பாணத்தில் ஒரு நாடகத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது அதை எழுதினவனும் இல்லை, நடித்தவனும் இல்லை, பிறகு பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர்களும் இல்லை. அரியாலையில் இருந்து சைக்கிளில் வருகிற ஒரு மடக்குக் கதிரைதான். அதில் இருக்கிற மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நானும் விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் அவர் கதிரை அண்ணை.

இரும்புச் சட்டத்தில் நீலக் கோடு போட்ட கன்வஸ் துணி பூட்டிய கதிரை அது. சைக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். நாடகமோ, கச்சேரியோ, உணவுத் திருவிழாவோ, எது நடந்தாலும் முன்வரிசைக்குப் பக்கத்தில் ஓரமாக விரித்து இருப்பார். பிடித்திருந்தால் கடைசிவரை அசையமாட்டார். பிடிக்காவிட்டால் எழும்பிக் கதிரையை மடக்குவார். மடக்கும்போது 'சடார்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நின்றுவிடும் சத்தம்தான். அவர் விடமாட்டார்.

அந்தச் சத்தத்துக்குப் பயந்து வசனம் மறந்த நடிகர்கள் இந்த ஊரில் ஏராளம். ஒருமுறை சரித்திர நாடகம் ஒன்றில் ராசா போருக்குப் புறப்படுகிற கட்டம். 'சடார்' கேட்டது. ராசா வாளைக் கீழே போட்டுவிட்டு மேடை விளிம்புக்கே ஓடி வந்துவிட்டார்.

"அண்ணை, அடுத்த காட்சி நல்லாயிருக்கும். கொஞ்சம் இருங்கோ."

கதிரை அண்ணை திரும்பிப் பார்த்தார். "அடுத்த காட்சியிலையும் நீர்தானே ராசா?"

"ஓம் அண்ணை."

"அப்ப நான் போட்டு வாறன்."

அவருக்குப் பின்னால் பாதிச் சனம் எழும்பிப் போனது. மீதிச் சனத்தை வைத்துக்கொண்டு ராசா போருக்குப் போனார்.

சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் அவர் சிம்மசொப்பனம். ஒரு திருவிழாவில் ஒடியல் கூழ்க் கடைக்கு முன்னால் கதிரையை விரித்தார். கடைக்கார அக்கா பனையோலைப் பிளாவில் கூழை வார்த்துக் கொடுத்துவிட்டு, அகப்பையும் கையுமாக மூச்சை அடக்கி நின்றார். அண்ணை ஒரு மிடறு குடித்தார்.

"பிள்ளை, இதுக்குள்ளை நண்டு போட்டனீரோ?"

"ஓம் அண்ணை, நாலு நண்டு."

"நண்டு இதுக்குள்ளாலை நடந்து போயிருக்கு. நிக்கேல்லை."

சடார். வரிசையில் நின்றவர்கள் பக்கத்துத் தோசைக் கடைக்கு மாறிவிட்டார்கள். மறுநாள் அக்கா அண்டா நிறைய நண்டைக் கொட்டிக் காய்ச்சினார். அண்ணை இரண்டு பிளா குடித்துவிட்டு மூன்றாவதையும் நீட்டினார். சனம் குவிந்ததில், பிறகு நான் போனபோது எனக்குக் கூழ் கிடைக்கவில்லை.

ஏன் இந்தக் கதிரைச் சுமை என்று ஒருநாள் அண்ணையைத் தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கேட்டுவிட்டேன்.

"தம்பி, ஒருக்கா நான் வெள்ளனப் போய் முன்வரிசையிலை இருந்தனான். நாடகம் நல்ல கட்டத்திலை நிக்குது. ஒருத்தன் வந்து, 'ஐயா, கொஞ்சம் எழும்புங்கோ, பிரதம விருந்தினர் வந்திட்டார்' எண்டான். எழும்பினன். அந்தாள் இருந்து ரண்டு நிமிசமில்லை, குறட்டை. நான் தூணைப் பிடிச்சுக்கொண்டு மிச்சத்தைப் பாத்தனான். அண்டைக்கே முடிவெடுத்திட்டன். இனி என்ரை கதிரையிலைதான் இருப்பன். ஆர் வந்தாலும் எழும்பிக் குடுக்கமாட்டன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். சொந்தச் சம்பந்தி வந்து பக்கத்தில் நின்றபோதுகூட, "இருங்கோ, இருங்கோ" என்று வாயால் உபசரித்தாரே தவிர ஆள் அசையவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு முன்னால் நானே ஒரு நாடகம் போடவேண்டி வந்தது.

கோப்பாயிலிருந்து தினமும் கந்தோர் உத்தியோகத்துக்குப் போய் வருகிற எனக்கு இந்த வேலை தேவையில்லைதான். ஆனால் கந்தோரில் எங்கள் நாலு பேருக்கும் நாடகப் பைத்தியம் இருந்தது. முற்றவெளியில் உணவும் கலையுமாக நடக்கிற திருவிழாவில் நாடகத்துக்கு முக்கால் மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்கள். விழாச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசயத்தைச் சொல்லிவிட்டார்.

"அண்ணை, ஒளிக்காமல் சொல்லுறன். போன முறை நாடகம் தொடங்க, சனம் முழுக்கக் கொத்து ரொட்டிப் பக்கம் போட்டுது. இந்த முறையும் கலைஞ்சா, அடுத்த வருசத்திலை இருந்து நாடகம் இல்லை. அந்த நேரத்தைப் பாட்டுக்காரருக்குக் குடுத்திடுவம்."

நாடகமே இல்லாமல் போனால் பழி எங்கள் தலையில் விழும். இரண்டு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கதை சிறியது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வீட்டை விற்க வருகிறார்கள். கடைசிக் காட்சியில் தகப்பன் முன்விறாந்தையில் தன் கதிரையில் போய் இருந்துவிடுகிறார். எழும்பமாட்டேன் என்கிறார். அவ்வளவுதான். தகப்பன் நான். மூத்த மகன் கந்தோர்ச் சிவம். மேடைப் பொருள் ஒரேயொரு மரக்கதிரை, கைபிடி வைத்தது, என் வீட்டிலிருந்து ஓட்டோவில் கொண்டுவந்தது.

அன்று பின்னேரம் முற்றவெளி முழுக்க நண்டுக் கறி வாசம். கொத்து ரொட்டிக்காரர் தட்டுகிற 'டக டக' மேடை வரை கேட்டது. கதிரை அண்ணை எல்லாக் கடையையும் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் வாங்கவில்லை. வயிறு நிரம்பினால் எந்த நாடகமும் நல்லாயிருக்கும் என்பது அவர் கொள்கை. திரைக்குப் பின்னாலிருந்து சிவம் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, ஆள் வந்திட்டார்."

"முகம் எப்பிடி?"

"பல்லுக்கொதி வந்த மாதிரி இருக்கு."

முதற் காட்சியில் நான் வசனம் பேசினேன் என்று சொல்லமுடியாது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், வாய் தன் பாட்டில் ஓடியது. ஒருதரம் அவர் முழங்காலில் கையை வைத்து முன்னால் சரிந்தார். நுளம்பு அடித்துவிட்டுத் திரும்பச் சாய்ந்தார். இரண்டாம் காட்சியில், லண்டனிலிருந்து வந்த மகனாக நடித்த சிவம் திடீரென்று "கனடாவிலை குளிர் அப்பா" என்றான். அண்ணையின் நெற்றி சுருங்கியது. கதிரையின் இரும்பு மெல்ல முனகியது. மடங்கவில்லை.

திரை மூடியது. இன்னும் ஒரு காட்சிதான். மரக்கதிரையைத் தூக்கிவைக்க மேடைப் பக்கம் போனேன். கதிரை இல்லை.

"இஞ்சை கிடந்த கதிரை எங்கை?"

தொண்டர் பட்டி குத்திய ஒருவர் பெருமையோடு முன்வந்தார். "பிரதம விருந்தினர் இப்பத்தான் வந்தவர் அண்ணை. முன்னுக்கு நல்ல கதிரை ஒண்டும் இல்லை. உதிலை சும்மா கிடந்துது, எடுத்துப் போட்டிட்டன்."

"ஐயோ, போய் அவரை எழுப்புமன்!"

"எப்பிடி அண்ணை எழுப்புறது? மாலையும் போட்டாச்சு."

இதொன்றும் தெரியாத திரைக்காரர் அந்த நேரம் பார்த்து மணியை அடித்துத் திரையைத் திறந்துவிட்டார். வெட்டவெளி மேடை, நடுவில் நான். முன்வரிசை நடுவில் என் வீட்டுக் கதிரையில் பிரதம விருந்தினர்.

சிவம் உள்ளே வந்தான். அவனுக்குக் கொடுத்த வசனத்தைச் சொன்னான்.

"அப்பா, எழும்புங்கோ."

நான் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. சிவத்துக்கு வேறு வசனம் தெரியாது, பாவம். திரும்பவும், "அப்பா, எழும்புங்கோ" என்றான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. இரண்டொருவர் எழும்பிக் காற்சட்டையைத் தட்டினார்கள். கொத்து ரொட்டிச் சத்தம் திடீரென்று மிகக் கிட்டக் கேட்பது போலிருந்தது.

அப்போது கேட்டது. சடார்.

கதிரை அண்ணை எழும்பிவிட்டார். கதிரையை மடக்கிக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டார். சிவம் கண்ணை மூடிக்கொண்டான். மேடைக்குப் பக்கத்தில் செயலாளர் பாட்டுக்காரருக்குச் சொல்வதற்குப் போலும், கைத்தொலைபேசியை வெளியே எடுத்தார். பின்னால் சனம் அலை அலையாக எழும்பத் தொடங்கியது.

ஆனால் அண்ணை வாசல் பக்கம் போகவில்லை. பிரதம விருந்தினரின் முகத்துக்கு நேரே குறுக்கால் நடந்து, மேடைப் படியில் ஏறினார். எனக்கு முன்னால் வந்து நின்று கதிரையை விரித்தார். துணியைக் கையால் ஒருதரம் தட்டினார்.

"இதிலை இரும். ஆர் வந்தாலும் எழும்பாதையும்."

மேலே தொங்கிய மைக் அதைப் பிடித்து முற்றவெளி முழுக்கச் சொல்லிவிட்டது. அவரும் நாடகத்தில் ஒரு பாத்திரம் என்று சனம் நினைத்துக்கொண்டது. எழும்பினவர்கள் இருந்தார்கள். அண்ணை இறங்கிப் போய் ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் இருந்தேன். துணி இன்னும் சூடாக இருந்தது.

"அப்பா, எழும்புங்கோ," என்றான் சிவம், மூன்றாவது தரமாக. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"மாட்டன்," என்றேன். அழுகை வந்தது. ஒத்திகையில் ஒருநாளும் வராத அழுகை. 'டக டக' நின்றிருந்தது. கொத்து ரொட்டிக்காரர் இரண்டு தகட்டையும் கையில் பிடித்தபடி சனத்தோடு சனமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிரதம விருந்தினர் மட்டும் என் வீட்டுக் கதிரையில் தலை சரிந்து நல்ல நித்திரை.

கைதட்டல் அடங்குவதற்கு முன்னமே கதிரையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். அண்ணை கம்பத்தில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்கோ அண்ணை."

இருந்தார். "பறவாயில்லை. ரண்டாம் காட்சி நீளம். அந்தப் பொடியன் லண்டனோ கனடாவோ எண்டு முதல் முடிவெடுக்கச் சொல்லும்."

"ஆருக்கும் எழும்பிக் குடுக்கமாட்டன் எண்டனீங்களே அண்ணை?"

"நான் உமக்கே குடுத்தனான்? நாடகத்திலை அந்தத் தகப்பன் மனிசன் இருக்கிறதுக்கு ஒரு கதிரை வேணுமெல்லே." முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். "போய்க் கூழ் வாங்கிக்கொண்டு வாரும். நண்டு நிக்குதோ எண்டு பாத்து வாங்கும்."

எனக்கு அந்த மனிதர் மேல் கொள்ளைப் பிரியம். அவரிடம் இதைச் சொன்னால் கதிரையை மடக்கிவிடுவார் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாடக நேரம் இன்றுவரை எங்களிடம்தான் இருக்கிறது. முன்வரிசைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் நாங்கள் கதிரை போடுவதில்லை. வெறும் நிலமாக விட்டுவிடுவோம். இந்த முறை அந்த இடம் வெகுநேரம் வெறுமையாகவே கிடந்தது. செயலாளர் மணிக்கூட்டைக் காட்டி, "பிரதம விருந்தினரே நேரத்துக்கு வந்திட்டார் அண்ணை, தொடங்குங்கோ" என்றார்.

சிவம் திரையை விலக்கி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஆள் வரட்டும்," என்றான். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.