வேறெங்கும் இல்லை என்பதற்கான சான்று

கடல் சூழ்ந்த ஒரு காட்டில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் மனு தள்ளுபடியாகும் என்பது அந்தக் காட்டின் சட்டம்.

முதல் அநியாயம், மரம் நட்டவருக்கான விருது. அந்தத் தீவில் பாதி மரங்கள் பழந்தின்னி வௌவால்கள் தின்று போட்ட விதையில் முளைத்தவை. விருது மரங்கொத்திக்குப் போனது. ‘மரங்களோடு நெருங்கிப் பழகியவர்’ என்று பாராட்டிதழில் எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது, அலுவலக நேரம். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. ‘இரவில் விழித்திருப்பவர்கள் பகலில் வரவும்’ என்று வாசலில் பலகை வைத்தார்கள்.

மூன்றாவது, அடையாள அட்டைக்கான படம். தலை மேலும் கால் கீழும் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரே நாளில் நாற்பது வௌவால்கள் நிமிர்ந்து நிற்க முயன்று தரையில் விழுந்தன. அட்டை வரவில்லை. தரையை அசுத்தப்படுத்தியதற்கு நோட்டீஸ் வந்தது.

நான்காவது, பப்பாளித் தோட்டத்து வலை. அதில் சிக்கிப் பதினொரு பேர் செத்தார்கள். வலை கிழிந்தது எப்படி என்று விசாரணை நடந்தது.

ஐந்தாவது அநியாயம்தான் இந்தக் கதை.

முதல் நான்குக்கும் ஊர்வலம் நடத்தியவள் செங்கழுத்தி என்னும் கிழ வௌவால். கரையொதுங்கிய துண்டுப் பிரசுரங்களைப் பார்த்துத் தானாக எழுத்துப் படித்தவள். தலைகீழாகத் தொங்கியபடியே படித்ததால், எந்த அதிகாரியின் மேசைக்கு மேலே தொங்கினாலும் அவர் எதிரில் இருக்கும் கோப்பு அவளுக்கு நேராகவே தெரியும். அதிகாரிகளுக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு இதுவே போதுமானதாக இருந்தது. அவளுடைய கூட்டத்தில் வேறு யாருக்கும் ஓரெழுத்துகூடத் தெரியாது. எல்லாருக்கும் எழுத்துச் சொல்லித் தருவது அவளுடைய கோரிக்கைப் பட்டியலில் ஏழாவது. முதல் ஆறும் நிறைவேறட்டும் என்று காத்திருந்தாள்.

அந்தப் பங்குனியில் அலுவலகத்தின் அறிவிப்பு வந்தது. வௌவால்கள் குடியிருக்கும் பெரிய இச்சி மரத்தை மைனாக்கள் நலச் சங்கம் கேட்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மரத்தைக் காலி செய்ய வேண்டும். மைனாக்கள் வெங்காய மூட்டைகளோடு கப்பலில் வந்து இறங்கியவர்கள். கப்பலின் சரக்குப் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. ஆகவே அவர்களிடம் ஆவணம் இருந்தது. என்றைக்கும் எங்கிருந்தும் வராதவர்களிடம் என்ன ஆவணம் இருக்கும்?

அது குட்டி ஈனும் காலம். முப்பத்தோரு தாய்களின் வயிற்றில் பறக்கத் தெரியாத குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. செங்கழுத்தியின் மகள் நாவலிக்கும் அது முதல் குட்டி. கண் திறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. இந்தச் சமயத்தில் மரத்தை விட்டுக் கிளப்பினால், குட்டியைச் சுமந்து அடுத்த தீவு வரை பறக்க முடியாமல் பாதித் தாய்கள் கடலில் விழுவார்கள். கூட்டம் முழுவதும் தொங்கும் அளவுக்குப் பெரிய மரம் இந்தத் தீவில் வேறு கிடையாது.

செங்கழுத்தி பகல் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், உடும்பாரின் மேசைக்கு மேலே தொங்கினாள். உடும்பார் அங்கே எழுத்தர். பிடித்த நாற்காலியை இருபது வருடமாக விடாதவர்.

“வாங்கம்மா. கோப்பைப் படிக்காதீங்க.”

“படிச்சாச்சு. இந்தத் தீவுல மட்டும் இருக்கிற இனத்தை மரத்தை விட்டுக் கிளப்பக் கூடாதுன்னு நாலாம் பக்கத்துல சட்டம் இருக்கே?”

“இருக்கு. சான்று கொண்டாங்க.”

“நாங்க இங்கதானே தொங்கறோம்? வந்து பாருங்க.”

“நீங்க இங்க இருக்கறதுக்கு ஆதாரம் யாரு கேட்டா? வாசனையே வருது. வேற எங்கயும் இல்லங்கறதுக்கு ஆதாரம் வேணும். கண்ணுக்குத் தெரியற தீவு ஒண்ணே ஒண்ணுதான். அங்க உங்க இனம் கிடையாதுன்னு அந்தத் தீவு அதிகாரி கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, மைனாவை நானே துரத்திவிடறேன்.”

இவ்வளவு எளிதாக ஒரு கோரிக்கை முடிந்ததே இல்லை. அதுவே அவளைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும். ஆனால் முப்பது வருடம் ‘முடியாது’ என்ற பதிலையே கேட்டுப் பழகிய காதுக்கு, ‘கையெழுத்து’ என்ற சொல் தேனாக இறங்கியது.

மரத்தில் கூட்டம் போட்டாள். கடைக் கிளையில் தொங்கும் மூக்கன் வாயில் அத்திப்பழத்தோடு பேசினான். எந்த ஊர்வலத்துக்கும் வராமல் எல்லா ஊர்வலத்தையும் விமர்சிப்பவன் அவன்.

“அக்கா, ஆலாப் பறவை தினமும் அந்தத் தீவுக்குப் போய் வருது. அதுகிட்ட மனுவைக் குடுத்துவிடு. கையெழுத்து வாங்கிட்டு வந்துடும்.”

“போராட்டத்தை யார் மூக்குலயோ குடுத்து அனுப்பச் சொல்றியா?”

“கடிதத்தைத்தான் சொன்னேன்.”

“டேய், நாலு அநியாயத்துக்கும் நேர்ல போய் நின்னவ நான். அஞ்சாவதுக்கு மட்டும் ஆள் அனுப்பினா வரலாறு என்னடா சொல்லும்?”

“வரலாறு கிடக்குது. உன் இடது இறக்கையில வலை கிழிச்ச ஓட்டை இருக்கு. கடல் காத்து அதுல புல்லாங்குழல் வாசிக்கும்.”

மரமே சிரித்தது. செங்கழுத்தி சிரிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் மனுவைக் காலில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். எதிர்க்காற்றில் இரண்டு முறை அலை அவள் வயிற்றைத் தொட்டது. விடியும்போது அடுத்த தீவின் கரையில், ஒரு தாழை மரத்தில் போய்த் தொங்கினாள்.

அந்தத் தீவின் அதிகாரி ஒரு நண்டு. மரியாதையானவர், நேர்மையானவர். நேர்மையின் வழியிலும் பக்கவாட்டாகத்தான் நடப்பார், அவ்வளவுதான். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவரே தாழையடிக்கு வந்தார்.

“ஐயா, உங்க தீவுல பழந்தின்னி வௌவால் உண்டா?”

“கிடையவே கிடையாதும்மா. இந்தக் கரையைத் தினமும் சுத்தறேன். ஒண்ணைக்கூடப் பார்த்ததில்ல.”

“நல்லாத் தெரியுமா?”

“என் பத்துக் கால் மேல சத்தியம்.”

“அதை எழுத்துல குடுங்க. முப்பத்தோரு குட்டி பிழைச்சுப்போகும்.”

நண்டார் கண் கலங்கினார். நண்டுக்குக் கண் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அது நன்றாகத் தெரிந்தது. பதிவேட்டைத் திறந்து தேதி போட்டார். செங்கழுத்தி மேலே இருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்தாள். ‘பழந்தின்னி வௌவால். நேற்று வரை: இல்லை.’ அவள் நெஞ்சு நிறைந்தது. நண்டார் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் மேலும் எழுதினார். ‘இன்று: ஒன்று.’

“ஐயா! அந்த ஒண்ணு நான்!”

“ஆமாம்மா. உங்களைத்தான் எழுதறேன்.”

“இங்க யாரும் இல்லன்னு எழுதி வாங்கத்தானே வந்தேன்?”

“வந்தீங்களே, அதைத்தான் எழுதறேன். பார்த்ததைப் பார்க்கலன்னு எழுதச் சொல்றீங்களா? நீங்களே இதுக்கெல்லாம் எதிரா ஊர்வலம் போனவங்க மாதிரி இருக்கீங்க.”

முப்பது வருடமாக நேர்மையான அதிகாரி வேண்டும் என்று கோஷம் போட்டவள் அவள். கடைசியில் கிடைத்துவிட்டார்.

“இப்பவே போயிடறேன். அடிச்சிடுங்க.”

“போங்க, தாராளமா. ‘காலையிலேயே புறப்பட்டது’ன்னு பக்கத்துல எழுதறேன். ஆனா வந்தது வந்ததுதானே?” முத்திரை குத்தி ஒரு பிரதியை அவளிடம் நீட்டினார். “இதைத் தொலைச்சாலும் கவலைப்படாதீங்கம்மா. இன்னொரு பிரதியை ஆலாகிட்ட குடுத்து உங்க தீவு அலுவலகத்துக்கு அனுப்பிடறேன்.”

அவள் திரும்பிச் சேர்வதற்குள் ஆலா கொடுத்த பிரதி உடும்பாரின் கோப்பில் ஏறிவிட்டது. வியாழக்கிழமை மதியம். மேசைக்கு மேலே தொங்கியவளை உடும்பார் உண்மையான வருத்தத்தோடு பார்த்தார்.

“பக்கத்துத் தீவுலயும் உங்க இனம் இருக்காமே? ரெண்டு தீவுல இருந்தா சாதாரண இனம்மா. நாளைக்கு மரத்தைக் காலி பண்ணிடுங்க.”

“அங்க பார்த்தது என்னை!”

“அதான் பிரச்சினையே. நீங்க வௌவால் இனம். வௌவால் அங்க இருந்திருக்கு.”

“அப்ப நான் எங்கயும் போகாம கிளையிலேயே தொங்கியிருந்தா?”

“சான்று கிடைச்சிருக்கும்.” உடும்பார் நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “மனிதாபிமானத்துல ஒண்ணு சொல்றேன். அங்க பார்த்தது எங்க இனம் இல்லன்னு உங்க கூட்டம் ஒருமனதா தீர்மானம் போடட்டும். அந்தப் பேரைச் சாட்சிங்க முன்னால வாசிச்சு நீக்கட்டும். வேற யாரும் எங்கயும் இல்லன்னு ஆயிடும். சான்று இன்னிக்கே தர்றேன்.”

“நீக்கினவ எங்க போறது?”

“உங்களுக்கு அந்தத் தீவுல பதிவு இருக்கே. பதிவு இல்லாம எத்தனை பேர் அலையறாங்க தெரியுமா?”

மாலை நான்கு மணிக்கு உடும்பார் இச்சி மரத்தடிக்கு வந்தார். சாட்சிகளாக இரண்டு மைனாக்களும் வந்தன. ஆவணம் உள்ளவர்கள் மட்டுமே சாட்சி சொல்லலாம் என்பது விதி. செங்கழுத்தி தொங்கிய உச்சிக்கிளை காலியானால் அது சங்கத்துக்கு என்று பேச்சு முடிந்திருந்தது. ஆகவே சாட்சிகள் உற்சாகமாக இருந்தார்கள்.

செங்கழுத்தியே தீர்மானத்தை முன்மொழிந்தாள். வேறு யாருக்கும் முன்மொழியத் தெரியாது. ஆதரவு என்றால் ஒரு காலை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் தொங்க வேண்டும். அது அவள் கொண்டுவந்த முறைதான். முதலில் யாரும் அசையவில்லை. பிறகு மூக்கன் காலைத் தூக்கினான்.

“நீதான் முதல்ல தூக்குவேன்னு தெரியும்டா.”

“ஊர்வலத்துக்குத்தான் வரலக்கா. இதுக்காவது வரேன்.” அதையும் கேலி மாதிரியே சொல்லப் பார்த்தான்.

ஒவ்வொன்றாகக் கால்கள் எழுந்தன. நாவலி மட்டும் இரண்டு காலாலும் கிளையை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கால் குறையுது,” என்றார் உடும்பார். “ஒருமனதா இல்லன்னா செல்லாது.”

“தூக்குடி.”

“மாட்டேன்.”

“தூக்குன்னு சொல்றேன்ல?”

“குட்டி கனக்குதும்மா. ஒத்தக் கால்ல தொங்கினா விழுந்துடுவேன்.”

செங்கழுத்தி நகர்ந்து நகர்ந்து மகளின் கிளைக்கு வந்தாள். ஓட்டை விழுந்த இறக்கையை விரித்து, மகளுக்கும் குட்டிக்கும் அடியில் தாங்கலாகக் கொடுத்தாள். குட்டி பாட்டியின் இறக்கையை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

“இப்ப விழ மாட்டே. தூக்கு.”

நாவலி காலைத் தூக்கினாள்.

“ஒருமனதாக,” என்று உடும்பார் எழுதிக்கொண்டார். “இனி கூட்டத்துல யாராவது ஒருத்தர் தீர்மானத்தைப் பேரோட வாசிக்கணும். யாரு வாசிக்கிறது?”

கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தது. உடும்பார் சற்றுச் சங்கடப்பட்டார். விதியைப் புரட்டினார். நீக்கப்படுகிறவர் வாசிக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

தாளை அவளுக்கு நேரே பிடித்தார். அவள் வாசித்தாள். நான்கு ஊர்வலங்களிலும் கோஷம் போட்ட அதே குரல்தான், கடலுக்குக் கேட்கிற குரல். “இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத பழந்தின்னி வௌவால்களாகிய நாங்கள், அடுத்த தீவில் காணப்பட்ட உயிர் எங்கள் இனத்தைச் சேர்ந்தது அல்ல என்று அறிவிக்கிறோம். அதன் பெயர்...”

“சத்தமா,” என்றது ஒரு மைனா. “சாட்சிக்குக் கேக்கணும்.”

“செங்கழுத்தி.”

நீதி: எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களை நீக்கும் தீர்மானத்தைப் பிழையில்லாமல் வாசிக்க, கூட்டத்தில் ஒருவராவது வேண்டும்.