நாலு அங்குலம்

"அறுபத்தாறு" என்றார் டெய்லர். நம்பிக்கை இல்லாமல் டிரக்கின் அகலத்தை இன்னொரு தடவை அளந்தார். "அறுபத்தாறேதான்."

"வாசல் எவ்வளவுண்ணே?" என்று கேட்டார் மெக்கானிக்.

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை வாசலின் குறுக்கே பிடித்தார். தையல் டேப் அறுபது அங்குலத்தோடு தீர்ந்துபோகும். மிச்சத்துக்கு விரலை வைத்துப் பார்த்தார். பார்த்த விரலை அப்படியே உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கண்ணே."

"அறுபத்திரண்டு."

பின்சந்தில் வண்டியை இழுத்துப்போக வந்த லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். டிரக்கின் மூக்கில் கயிறு கட்டி, டெய்லரின் மனைவி வரை எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்து, பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் ஆகிவிட்டது. வாங்கிய வண்டி, வாங்கிய இடத்தைவிட்டு வெளியே வராது என்பது அப்போதுதான் தெரிகிறது.

இதில் கூத்து என்னவென்றால், வாங்கியவர் முப்பத்தோரு வருடமாக டெய்லர். அளவெடுக்காமல் ஒரு கைக்குட்டையைக்கூட வெட்டியதில்லை. விற்றவர் ஓய்வுபெற்ற சர்வேயர். அந்தப் பக்கத்து நிலம் முழுவதையும் அளந்து கல் நட்டவர். இரண்டு அளவுக்காரர்கள் சேர்ந்து ஒரு வாசலைக் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

"சார், இது எப்படி சார் உள்ள வந்துச்சு?" என்று கேட்டார் டெய்லர்.

சர்வேயர் தாழ்வாரத்து நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்திருந்தார். "வரும்போது சுவர் ஏது? வண்டி நிக்குது பத்தொன்பது வருஷமா. சுவர் அதுக்கப்புறம்."

"கட்டும்போது அளந்து பார்க்கலையா?"

"நீங்க வாங்கும்போது அளந்து பார்த்தீங்களா?"

லாரிக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்.

டெய்லர் ஏன் அளக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசை வைத்தவன் அளந்து பார்ப்பானா?

அவர் கடை ஒரு மாடியில். தையல் மிஷினுக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலில் தூரத்தில் மலை தெரியும். கீழே, ஒரு மரத்தின் ஓரமாக, சர்வேயர் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் டிரக்கின் கூரையும் தெரியும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மலை உச்சிக்குப் போகும் பாதையில் பாதிக்கு மேல் பஸ் கிடையாது, வெறும் பாறை. இந்த மாதிரி வண்டிதான் ஏறும். முப்பத்தோரு வருடம் மிஷினை மிதித்தும் நாற்காலியைவிட்டு ஒரு அடி நகராத மனிதர், முதலில் மலையையும், வண்டி வந்து நின்ற பிறகு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.

கல்யாணமான புதிதில் மனைவி அந்த ஜன்னலில் நின்று, "இங்கேருந்து மலை தெரியுதே, மலை மேலேருந்து பார்த்தா நம்ம கடை தெரியுமாங்க?" என்று கேட்டாள்.

"கூட்டிட்டுப் போய்க் காட்டறேன் பாரு" என்றார் அவர்.

அந்த வருடம் முழுக்க அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் எப்போதாவது கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோது வராத வலி, நிறுத்திய பிறகுதான் அவருக்கு வந்தது. பித்தான் கட்டிக்கொண்டே அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பார்.

ஒரு நாள் சர்வேயர் தன் பேன்டை இடுப்பில் பிடிக்கக் கொண்டுவந்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மனிதர் வருடா வருடம் இளைத்துக்கொண்டே வந்தார். டெய்லர் பேன்டை வாங்கிக்கொண்டு, மென்று விழுங்கி, "சார், அந்த வண்டியைக் குடுப்பீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

சர்வேயர் ரொம்ப நேரம் ஜன்னல் வழியே பார்த்தார். "மத்தியானத்துல மரத்து நிழல் அது மேல விழும், இல்ல?" என்றார். பிறகு, "ஒரு வாரம் கழிச்சு வாங்க டெய்லர்."

ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கினார். பேரமே பேசவில்லை. மீதிக் கதைதான் வாசலில் நிற்கிறது.

முதலில் கதவுகளைக் கழற்றினார்கள். கதவுகள் தூணுக்கு உள்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்ததால் ஒரு நூல்கூட லாபமில்லை. ஆனால் கதவில்லாத வாசல் வழியாக ஒரு தெருநாய் உள்ளே வந்து, டிரக்குக்கு அடியில் ஐந்து குட்டி போட்டது.

"கண்ணு திறக்கற வரைக்கும் வண்டியை அசைக்கக் கூடாது" என்று சர்வேயர் உத்தரவு போட்டார். தாய்க்கும் குட்டிகளுக்கும் வேளாவேளைக்குப் பால் வேறு.

"தூணை உடைச்சிடலாமா சார்?" என்று கேட்டார் டெய்லர்.

"தூணைத் தொட்டா சுவர் சாயும். சுவர் சாஞ்சா பக்கத்து வீட்டுக்காரன் கோர்ட்டுக்குப் போவான். அவன் நிலத்தை நான் அளந்ததுலேருந்தே அவனுக்கு என் மேல கடுப்பு."

மாடியில் உட்கார்ந்திருந்தவர் அதை ஆமோதிப்பதுபோல் தலையாட்டினார்.

மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். "சக்கரத்துக்கு மேல இருக்கற மட்கார்டைக் கழட்டினா பக்கத்துக்கு ரெண்டு அங்குலம். மொத்தம் நாலு. கணக்கு சரியாப் போச்சு."

கணக்கு சரிதான். துருப்பிடித்த போல்ட்டுக்குக் கணக்குத் தெரியவில்லை. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதும் மட்கார்டு பழுப்புப் பொடியாக உதிர்ந்து குட்டிகளின் மேல் விழுந்தது. பொடியைக் கூட்டித் தள்ளிவிட்டு அளந்து பார்த்தால், உள்ளே இருந்த டயரும் அதே அறுபத்தாறில் துருத்திக்கொண்டு நின்றது.

மட்கார்டு இல்லாமல் வண்டி ஓட்ட முடியாதே, வெல்டரிடம் புதிதாகச் செய்யச் சொன்னார்கள். வெல்டர் அளவு கேட்டார். டெய்லர் அளவு சொல்லிவிட்டு, வாய் பழக்கத்தில், "பிடிக்காம கொஞ்சம் லூசா வைங்க" என்றும் சொல்லித் தொலைத்தார்.

வண்டி இப்போது அறுபத்தேழரை.

"துணின்னா உள்மடிப்புல விட்டிருப்பேன், பிரிச்சுக்கலாம். சுவத்துல உள்மடிப்பு ஏதுண்ணே?" என்று மெக்கானிக்கிடம் புலம்பினார் டெய்லர்.

கடையில் நிலைமை இன்னும் மோசம். எந்நேரமும் அறுபத்தாறு அறுபத்திரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், ஒரு மேனேஜரின் பேன்டுக்கு இடுப்பு அறுபத்தாறு என்று வெட்டிவிட்டார். மேனேஜர் போட்டுப் பார்த்துவிட்டு, "நானும் என் மச்சானும் சேர்ந்தே போட்டுக்கலாம்போல இருக்கே" என்றார்.

மேனேஜர் போனதும் மனைவி, "ஏங்க, அந்த வண்டி நமக்கு எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேன்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம் அவளும் கூடவே கிளம்பினாள்.

கிரேன் வைத்துத் தூக்கலாம் என்றால் சந்து முழுக்க மின்கம்பி. பார்ட் பார்ட்டாகக் கழற்றி வெளியே கொண்டுபோகலாம் என்றால், "கழட்டிடலாம், மறுபடி மாட்டறதுக்கு நான் பொறுப்பில்ல" என்று மெக்கானிக் கையை விரித்தார். கடைசியில் அவரே, "இங்கயே வச்சு வேலையைப் பாப்போம். வண்டி உயிரோட இருந்தா வழி பொறக்கும்" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான் தினசரி வேலை. கடையைச் சாயங்காலம் ஐந்துக்கே சாத்திவிட்டு டெய்லரும் மனைவியும் போய்விடுவார்கள். தாழ்வாரத்தில் மூன்று நாற்காலி தயாராக இருக்கும். பிளாஸ்கில் டீ இருக்கும். டெய்லர் சீட்டுக்கு உறை தைத்தார், கூரைக்குப் புதுக் கித்தான் தைத்தார். சர்வேயர் ஒவ்வொன்றாகக் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். பிரேக் சரியில்லாமல் மலையேறலாமா? ஏறினாலும் மழை வந்தால் வைப்பர் வேண்டாமா? ரேடியேட்டரை ஒரு தரம் பார்த்துவிடலாமே?

"இந்த மனுஷன் குடுக்கற வேலைக்கு நான் புது வண்டியே செஞ்சிருப்பேன்" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்ஜின் முதன்முதலில் கிளம்பிய நாளன்று கக்கிய புகையில் பக்கத்து மாடியில் காய்ந்த வெள்ளைத் துணியெல்லாம் கறுத்துப்போயிற்று. மாடிக்காரர் கத்திய கத்தலில் நாய்க்குட்டிகள் ஐந்தும் கண் திறந்துகொண்டன. சர்வேயருக்கு அது எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ இந்தப் பக்கம்தான் உக்காருவா" என்றார், இடப்பக்க சீட்டைக் காட்டி. "நான் மலையை அளப்பேன். அவ வண்டியிலயே உக்காந்து நான் சொல்ற கணக்கையெல்லாம் எழுதுவா. அவ போன பிறகு சாவியைத் தொட மனசு வரல. இப்ப சத்தம் கேக்கறது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"

டெய்லரின் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டெய்லர் அன்றைக்கு அளவைப் பற்றி மூச்சுவிடவில்லை.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. பிரேக் ஆயிற்று, வைப்பர் ஆயிற்று, விளக்கு ஆயிற்று. சர்வேயர் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தும் சொல்வதற்கு ஒரு குறையும் அகப்படவில்லை. ஜன்னலில் மலை பளிச்சென்று தெரிகிற நாட்கள். இன்னும் இரண்டு வாரத்தில் மழை வந்துவிட்டால் மேல்பாதை மூடிவிடும். அப்புறம் அடுத்த வருடம்தான். முப்பத்தோரு வருடம் பொறுத்தவருக்கு முப்பத்திரண்டாவது வருடத்தை நினைத்தால் பயமாக இருந்தது. முழங்கால் வேறு வலிக்க ஆரம்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரையும் கேட்காமல், தன் தெருக் கொத்தனாரைக் கடப்பாரையோடு அழைத்துக்கொண்டு போய் நின்றார்.

"சார், மன்னிச்சுக்கங்க. தூணை உடைக்கத்தான் போறேன். சுவர் சாஞ்சா நான் கட்டித் தரேன். கோர்ட்டுன்னா நானே வந்து கூண்டுல ஏறறேன். அவளைக் கூட்டிட்டுப் போகணும் சார். இன்னிக்கே."

மனைவி பின்னால் தண்ணீர் பாட்டிலும் ஒரு பையுமாக நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

சர்வேயர் டெய்லரைப் பார்த்தார். கொத்தனாரைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"வேற கொத்தனார் கிடைக்கலையா?"

"ஏன் சார், இவருக்கென்ன? நல்ல வேலைக்காரர்."

"ஒண்ணுமில்ல" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உடைங்க. எத்தனை நாளைக்குத்தான்..."

டெய்லர் தாழ்வாரத்து மூன்று நாற்காலிகளையும் பார்த்தார். நாளைச் சாயங்காலம் இந்த மனிதர் யாருக்கு டீ போட்டு வைப்பார்? வண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது போலிருந்தது.

"சார், நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு டெய்லர்? புருஷன் பொண்டாட்டி போறீங்க..."

"இவருக்கு மலையில வழி தெரியுமா சார்?" என்று குறுக்கே வந்தாள் மனைவி. "பஸ் ஸ்டாண்டுக்கே நாலு பேரைக் கேட்டுத்தான் போவாரு. நீங்க வரலைன்னா நானும் வரல."

"சாயங்காலம் திரும்பி வந்து வண்டியை எங்க நிறுத்துவீங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"எங்க கடை வாசல்ல சைக்கிள் நிறுத்தவே சண்டை. இங்கதான் சார் நிறுத்தணும். நீங்க வேணாம்னாலும் இங்கதான்."

சர்வேயர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "ரெண்டு நிமிஷம். ஷூ போட்டுட்டு வந்துடறேன்" என்று உள்ளே ஓடினார். அவர் ஓடி டெய்லர் பார்த்ததே இல்லை.

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொத்தனாரிடம் திரும்பினார். "பார்த்துப் பதமா உடைங்க. எந்தக் காலத்துத் தூணோ, சுவரோட சாஞ்சிடப் போவுது."

கொத்தனார் கடப்பாரையைத் தரையில் ஊன்றிவிட்டுச் சிரித்தார்.

"எந்தக் காலத்துத் தூணா? மூணு மாசத்துக்கு முன்னாடி நான்தாங்க கட்டினேன். 'வண்டியை விக்கப் போறேன், வாங்கறவரு உடனே ஓட்டிட்டுப் போயிடக் கூடாது, நாலு நாள் இங்க வந்து போகட்டும், பழைய செங்கல்லாப் பார்த்து வாசலை வண்டியைவிடச் சரியா நாலு அங்குலம் குறைச்சுடு'ன்னு சர்வேயர் சாரே டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே!"