கேப்ராயிக் அமிலத்தால் வென்ற இருக்கை

வாழ்க, சுண்ணத்தூள் படிந்த மார்பர்! வாழ்க, கரும்பலகைக் கோமான்! நாளெல்லாம் நின்றே பாடம் நடத்தி முழங்கால் இரண்டும் வீங்கிப்போன கரிம வேதியியல் வாத்தியாரின் வெற்றியைப் பாட, ஏ நாவே, சோம்பல் முறித்து எழுந்து வா! அவர் விரும்பியது அரியணை அன்று. மாலைப் பேருந்தில் ஓர் இருக்கை. பாவம், அதுகூட அவருக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

வாய்க்கவிடாதவர் குடைக்காரர். தமக்கு முன்னே குடையை வீசிக் காலி இருக்கையைக் கைப்பற்றும் அந்தக் கொடும்பகைவரிடம் நம் பெருமான் தோற்காத மாலை இல்லை.

அன்று மதியம் ஒரு மாணவி, "கேப்ராயிக் அமிலம்னு ஏன் சார் பேரு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டாள். "ஆடு! லத்தீன் மொழியில் ஆட்டுக்குக் ‘கேப்பர்’ என்று பெயர். ஆட்டுக் கொழுப்பில் உறைந்து, ஆட்டுக்கிடாய்போல் வீசுவதால் இவ்வமிலம் அப்பெயர் பூண்டது, அறிவீராக!" என்று முழங்கிய பெருமான், குப்பியையே திறந்து காட்டினார். வகுப்பு சன்னலுக்கு ஓடியது. மேசையில் சிந்திய துளிகளைக் கைக்குட்டையால் துடைத்தவர், ஆய்வகத்தில் ஊறி மரத்துப்போன மூக்கு எச்சரிக்காததால், அதை அப்படியே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாலை வந்தது, பேருந்தும் போர்முரசென உறுமிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரே ஓர் இருக்கை காலி! பறந்து சென்று விழுந்தது பகைவரின் குடை. முண்டியடித்து ஏறி, மூச்சிரைக்க நின்ற நம் மாவீரர், வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுத்து உதறினாரோ இல்லையோ, குடைக்காரர் முகம் கோணி, குடையைப் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டுக்கே பின்வாங்கினார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார், முன்னால் இருந்த குடும்பமும் எழுந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தார் வாத்தியார். இந்தக் காலத்திலும் ஆசிரியரைக் கண்டால் எழுந்து நிற்கிறார்களே என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"யாருய்யா வண்டிக்குள்ள ஆட்ட ஏத்தினது?" என்று கத்தினார் நடத்துநர்.

ஐயோ, வாயை மூடிக்கொண்டிருந்தால் வென்றிருப்பாரே! பாடம் சொல்லிப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? முழங்கால் வலி மறந்து எழுந்தார். கைக்குட்டையை வெற்றிக்கொடியென உயர்த்தினார்.

"ஆடு இல்லப்பா, கேப்ராயிக் அமிலம்! அந்தப் பேரு வந்ததே இந்த வாடையாலதான்! பாத்தீங்களா, பாடமே எடுக்காம நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்க!"

விசில் விண்ணைப் பிளக்க, சக்கரங்கள் அலறி நிற்க, பயணிகள் சேனை மூக்கைப் பொத்தியவண்ணம் இருமருங்கும் விலகி வழிவிட, அறிவுக்கொடி தாழாத அந்தக் கரிமக் காவலர், வீடு வரைக்கும் நடந்தே போனார்.