மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு ஓக் மரம்

எதிர் வீட்டு மாடிக்கு மேலாளர் குடிவந்த அன்றே கணக்காளரின் மத்தியானத் தூக்கம் போனது.

இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. சாப்பிட்ட கையோடு சோபாவில் சாய்ந்து, கணினி விழித்திருக்கத் தான் உறங்குவது கணக்காளரின் பல வருடப் பழக்கம். இப்போது தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் ஜன்னலில், மேலாளரின் மேசை.

திரை போட்டால் ஆயிற்று என்றாள் மனைவி.

"திரை போட்டா எதையோ மறைக்கிறேன்னு தெரிஞ்சுடும். மரம் வளர்ந்தா யார் சந்தேகப்படுவாங்க?"

பூங்காவில் ஓக் கொட்டைகளைப் பொறுக்கி வந்தார். வாளித் தண்ணீரில் போட்டார். மிதந்தவை சொத்தை, எறிந்தார். மூழ்கியவற்றை ஈர மணலில் புதைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். குளிர்காலம் கழிந்துவிட்டதென்று நம்பினால்தான் கொட்டை முளைக்குமாம். அது நம்பும்வரை வெண்ணெய் வெளியே கிடந்து உருகியது.

"ஜன்னலை மறைக்க எவ்வளவு நாளாகும்?"

"இருபது வருஷம். மண்ணு நல்லா இருந்தா கொஞ்சம் முன்னாடியே."

"அதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க."

"அப்பவும் தூங்கணுமில்ல?"

முதலில் இறங்கியது வேர். தொட்டிகளின் ஆழம் அதற்குப் போதவில்லை. வீட்டில் ஆழமாக இருந்தவை மழைக்கால ரப்பர் பூட்ஸ்கள்தான். அவற்றில் மண்ணை நிரப்பி, கொட்டைகளை நட்டு, ஜன்னலில் வரிசையாக நிறுத்தினார். மேலாளர் உடனே தொலைபேசியில் அழைத்து, வீட்டில் விருந்தாளிகளா, ஏன் எல்லோரும் ஜன்னலில் ஏறி நிற்கிறார்கள் என்று அக்கறையாக விசாரித்தார்.

வெளிக்காற்று படட்டும் என்று கணக்காளர் ஜன்னலைத் திறந்தார். அணில் வந்து ஒரு பூட்ஸைத் தோண்டிக் கொட்டையோடு ஓடியது. கணக்காளர் ஒற்றைச் செருப்போடு, துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு தெருமுனைவரை துரத்தினார். திரும்பும்போது அண்ணாந்து பார்த்தார். மேலாளர் கையசைத்தார். இவர் துடைப்பத்தை அசைத்தார். வேலை நேரம்.

இனி காவல்தான் வழி. மேசையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, வெளியே வைத்த கண் வாங்காமல் உட்கார்ந்தார். அணில் எப்போது வரும் என்று தெரியாதவர் எப்படிக் கண்ணயர்வார்? சும்மா இருக்கவும் முடியாமல் இடையிடையே வேலை பார்த்தார். தேங்கிக் கிடந்த கணக்கெல்லாம் முடிந்துபோயிற்று. மேலாளர் மனம் குளிர்ந்து, பக்கத்துப் பிரிவின் கணக்கையும் அவர் தலையில் கட்டினார்.

வசந்தம் வந்தது. ஒரே ஒரு பூட்ஸ் இரண்டு இலை விட்டது. கணக்காளர் குனிந்து அதன் பின்னால் முகத்தை வைத்துப் பார்த்தார். ஒரு கண் மறைந்தது. அதை மட்டும் மூடிக்கொண்டார். தூக்கம் வரவில்லை.

"வேலைய விட்டுடலாம்னு தோணுது," என்றார்.

"எந்த வேலைய? அணிலயா, ஆபீஸயா?"

அப்போது அழைப்புமணி அடித்தது. மேலாளரின் மனைவி, இடுப்பில் ஓர் உர மூட்டையோடு. நேரே ஜன்னலுக்குப் போய் அந்த இரண்டு இலைகளைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இது சீக்கிரம் வளர இன்னும் என்ன வேணும்னாலும் சொல்லுங்க, வாங்கித் தரேன். நீங்க விடிஞ்சதிலேருந்து எங்க ஜன்னலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அவர் மத்தியானம் கண்ண மூடி மாசக்கணக்காச்சு."